காணிக்கையும் கைக்கூலியும்

கோயிலுக்குக் கொடுப்பது காணிக்கை; கல்விச்சாலைக்குக் கொடுப்பது நன்கொடை; அலுவலருக்கு மறைவிற் கொடுப்பது கைக்கூலி. தேர்தலில் நிற்பவருக்குக் கொடுப்பதை எவ்வினத்திற் சேர்ப்பது? கல்லூரி அன்னையின் விழா மலரிலே இவ்வினாவை நாம் எழுப்புவது காரணம் பற்றியே. ஒரே வாங்கிலிருந்து படித்த இருவருள் ஒருவர் சாவகச்சேரி நகரசபைக்கோ பிரதேச சபைக்கோ அங்கத்தவராதலும், மற்றவர் அச்சபையின் வேலைகளுக்குக் கேள்விப்பத்திரம் அனுப்பும் ஒப்பந்தகாரராதலும் நம் தென்மராட்சியில் இயல்பே.

இச்சிக்கலை ஐக்கிய அமெரிக்கா ஒருவகையில் அவிழ்க்க முயன்றது. அங்கே நகரங்கள் பாலம், குடிநீர், பாடசாலை ஆகியவற்றுக்காகக் கடன்பத்திரம் விற்றுப் பணந் திரட்டும். அவற்றை விற்றுக்கொடுக்கும் நிறுவனத்தைத் தெரிவு செய்வதிற் செல்வாக்குடைய பதவியாளரின் தேர்தல் நிதிக்கு, அத்தொழில் செய்வோரே பொருள் வழங்கிவந்தனர். திறமைக்கு உரிய தொழில் கொடைக்கு உரியதாகுமோ என்னும் ஐயம் எழுந்தது. 1975 இல் தோன்றிய நகராட்சிக் கடன்பத்திர ஒழுங்காக்கல் சபை 1994 இல் ‘ஜி-37’ என்னும் விதியை வகுத்தது. அதன்படி, பதவியாளருக்கு நிதி கொடுத்தவரின் நிறுவனம் அந்நகரத்தோடு பேசித் தீர்க்கும் கடன்பத்திரத் தொழிலை 2 ஆண்டுகளுக்குச் செய்தலாகாது. தமக்கு வாக்குரிமையுள்ள வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 250 டொலர் வரை கொடுப்பதற்கு மட்டும் விலக்குண்டு. இவ்விதி பேச்சுரிமையைப் பறிக்கின்றதென அலபாமாவைச் சேர்ந்த வில்லியம் பிளவுண்ட் வழக்குத் தொடுத்தார். 1995 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விதியை நிலைநாட்டிற்று. 2016 இல் நகராட்சிகளுக்கு நிதியாலோசனை கூறுவோரும் இவ்வரம்புக்குள் வந்தனர்.

இதன் நுட்பம் யாது? கொடுக்கும் கையை அது கட்டவில்லை. கொடுத்த கையே உடனே பெறுவதைத் தடுக்கின்றது. உள்நோக்கத்தை ஆராய்வதுமில்லை. மனத்தை அளக்கும் கோல் எவரிடத்தும் இல்லையன்றோ!

பாரதத்தில் நீதியரசர் சாக்ளா 1957 இலேயே கம்பனிகள் கட்சிகளுக்கு அளிக்கும் கொடையின் அபாயத்தை எடுத்துரைத்தார். கொடையாளரின் பெயரை மறைத்த தேர்தற் பத்திரத் திட்டத்தை 2024 பெப்ரவரி 15 இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் இரத்துச் செய்தது. நம் நாட்டில் 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம், முடிவு வெளியாகி 21 நாட்களுள் வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்குமாறு வேட்பாளரைப் பணிக்கின்றது. 2025 மே 6 இல் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலிலும் அக்கடமை இருந்தது. கணக்குக் காட்டுதல் முதற்படி. விலகி நிற்றல் அதற்கு அடுத்த படி.

அத்தேர்தற் காலத்தில் நம் பழைய தோழரான ஒப்பந்தகாரர் ஒருவர் நம்மிடம் வந்தார். “என்னோடு படித்தவன் நிற்கிறான். துண்டுப்பிரசுரச் செலவுக்குக் கேட்கிறான். கொடாவிட்டால் அவன் கோபிப்பான். கொடுத்தபின் ஒரு வாய்க்கால் வேலை நேர்மையாகவே கிடைத்தாலும் ஊர் நம்பாது. என்ன செய்வது?” என்றார். “கொடும், பின் இரண்டு வருடம் சபை வேலை கேளாதிரும்” என்றோம். “இரண்டு வருடம் என் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமோ?” என்றார். அவர் ஈற்றிற் கொடுக்கவில்லை. வென்ற தோழர் சில மாதம் முகங்கொடுத்துப் பேசவுமில்லை.

எழுதப்பட்ட விதியொன்று இருந்திருப்பின், “மனமுண்டு, விதி விடவில்லை” என்று அவர் கூறியிருப்பார், நட்பும் பிழைத்திருக்கும். இத்தகைய விதி ஊர்ப் பணத்தை மட்டுமன்றி, கொடுக்க அஞ்சுபவரையும் மறுக்க அஞ்சுபவரையும் காக்கும் வேலியாகும்.

அவ்வேலியை நம் பழைய மாணவர் சங்கத்திலிருந்தே தொடங்குவோமாக. நிருவாகசபைத் தேர்தலில் ஒருவருக்குப் பொருளுதவி செய்தவர், சங்கம் கல்லூரிக்காகச் செய்விக்கும் கட்டட வேலைகளை 2 ஆண்டுகளுக்கு ஏலாதிருத்தல் வேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுவோம். இன்று வகுப்பிலிருக்கும் மாணவர் நாளை நகரசபையிலும் வங்கியிலும் அமர்வர். அவர்களுக்கு நாம் விட்டுச் செல்லத்தக்க காணிக்கை இதுவே. அன்னை நீடு வாழ்க!