‘இஃப்’ என்னும் சிறு சொல்

ஆங்கில இலக்கணத்தில் நம் பிள்ளைகள் பெரிதும் இடறும் இடம் ‘இஃப்’ என்னும் சிறு சொல்லை ஏற்ற நிபந்தனை வாக்கியமாகும். கொடைக்கானலில் மாலை வேளைகளில் என்னிடம் பாடம் கேட்க வரும் மாணவர் பலர், ‘மழை பெய்தால் வரமாட்டேன்’ என்பதை ஆங்கிலமாக்கும்போது ‘இஃப் இட் வில் ரெயின்’ என்றே தொடங்குகின்றனர். மழை இனிமேல்தானே பெய்யும் என்பது அவர்கள் வாதம். ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்பதே முறை. எதிர்காலச் சொல் பின்வரும் பகுதிக்கே உரியது.

இதை விளக்க அவர்களைத் தாய்மொழிக்கே அழைத்துச் செல்வேன். ‘பெய்தால்’ என்பதன் நடுவே நிற்கும் ‘த்’ காட்டுவது இறந்த காலம் அன்றோ! இனிப் பெய்யவிருக்கும் மழையை அவ்வடிவில் சொல்கிறோம், எவரும் மயங்குவதில்லை. மத்ரசாவில் நஹ்வு ஓதியோர்க்கும் இது புதிதன்று. அரபியில் ‘இன்’, ‘இதா’ என்பவற்றின் பின் இறந்தகால வினை வரினும் பொருள் பெரும்பாலும் எதிர்காலமே. நிபந்தனையில் வினையின் வடிவத்தைக் கொண்டு மட்டும் காலத்தை அளக்கலாகாது. பேசுவோன் அந்நிகழ்ச்சியை எவ்வளவு உறுதியாகக் கருதுகிறான் என்பதையும் பார்க்க வேண்டும்.

அரபி இலக்கணம் இதனைத் தெளிவாகப் பகுத்துள்ளது. நிகழுமோ நிகழாதோ என்னும் ஐயத்துக்கு ‘இன்’; நிகழும் என்னும் உறுதிக்கு ‘இதா’; நிகழாமற் போனதற்கு ‘லவ்’. நம் மலையிலேயே சான்றுகள் உண்டு. ‘பனிமூட்டம் விலகினால் தூண்பாறை தெரியும்’: இது ‘இன்’. 12 ஆண்டுகளுக்கொரு முறை மலரும் குறிஞ்சி 2018இல் பூத்தது. ‘அது மீண்டும் பூக்கும்போது மலை நீலமாகும்’ என்பது ‘இதா’. ஆங்கிலத்தில் இதற்கு ‘வென்’ என்பர். ரயிலோ சமவெளியிலுள்ள கொடைக்கானல் ரோடு நிலையத்தோடு நின்றுவிட்டது. ‘ஊட்டியைப் போல இங்கும் மலை ரயில் அமைந்திருந்தால், நானும் அதில் ஏறியிருப்பேன்’: இது ‘லவ்’. ஆங்கிலத்தில் முற்பகுதி ‘ஹேட்’ பெறும். பிற்பகுதி ‘வுட் ஹேவ்’ பெறும்.

இம்மூன்றாம் வகைக்குப் பயிற்சி அளித்தபோது, ஒரு மாணவன் எழுதிய வாக்கியம் என்னை நிறுத்தியது: ‘சாலை அடைபடாதிருந்தால், என் அத்தா பிழைத்திருப்பார்.’ மண் சரிந்த ஓர் இரவில், மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் அவன் தந்தை காலமானார். இலக்கணத்தில் குறை எதுவும் இல்லை.

“ஹஜ்ரத், இப்படி எழுதலாமா? ‘இருந்திருந்தால்’ என்று சொல்லக்கூடாது என்று நன்னி கண்டிக்கிறார்களே” என்றான்.

அம்மூதாட்டி சொன்னதற்கு ஆதாரம் உண்டு. நேர்ந்துவிட்ட ஒன்றை எண்ணி ‘லவ்’ என்பது ஷைத்தானின் செயலுக்கு வழி திறக்கும் என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆயினும் இமாம் புகாரி தம் தொகுப்பில் ‘லவ்’ சொல்லத் தகும் இடங்களுக்கெனத் தனிப் பாடமே அமைத்துள்ளார். இறுதி ஹஜ்ஜின்போது பெருமானார் (ஸல்) அவர்களே இச்சொல்லை ஆண்டுள்ளார்கள். விலக்கப்பட்டது சொல்லன்று; இறைவன் விதித்ததோடு வழக்காடும் மனநிலையே என அறிஞர் விளக்குவர். பயன் தருவதில் முயல்க, இறையுதவியை நாடுக, சோர்ந்துவிடாதே என்று ஏவுவதும் முன் சொன்ன அதே நபிமொழிதான்.

இதை அவனுக்குச் சொல்லி, “மகனே, உன் வாக்கியம் சரியானது. அதை அடித்துவிடாதே, அதன் கீழே முதல் வகையில் ஒன்று எழுது” என்றேன். நெடுநேரம் எண்ணியபின் எழுதினான்: ‘மழைக்கு முன்பே நோயாளியைக் கீழே கொண்டு சென்றால், அவர் பிழைக்கக்கூடும்.’

பெற்றோர் இப்பயிற்சியை இல்லத்திலும் நடத்தலாம். நாளொன்றுக்கு மூன்று வாக்கியங்கள் போதும்: நாளை நடக்கக்கூடியது ஒன்று, உறுதியாய் நடப்பது ஒன்று, நடவாமற் போனது ஒன்று. மூன்றாவதை எழுதிய பிள்ளை அதனோடு எழுந்துவிடாமல், அது கற்பிப்பதை மீண்டும் முதல் வகையில் எழுதட்டும். ஆங்கிலமும் வரும், நெஞ்சுக்கு உரமும் வரும், இன்ஷா அல்லாஹ்.