பட்டை

வெள்வேல மரத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. முள்மரம், காயை ஆடு தின்னும், கட்டை அடுப்புக்கு ஆகும். அவ்வளவுதான் அதன் யோக்கியதை. அந்த மரத்துக்காக வக்காலத்து வாங்கும் சந்தர்ப்பம் எனக்குப் போன வருஷம் வாய்த்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் லீவில் விருதுநகர் வந்திருந்தான். அங்கே ஹோட்டலிலேயே பீர் காய்ச்சிக் கொடுக்கிறார்களாம். பீருக்கு மணமும் கசப்பும் தருவது ஹாப்ஸ் என்ற கொடி. "காட்டு ஹாப்ஸ் வகைகளைத் தேடிப் பார்த்தா, நம்ம ஊருக்குத் தாங்குற ஒண்ணு கிடைக்காதா, மாமா?" என்றான்.

நியாயமான கேள்விதான். காட்டில் கிடந்த கொடிதான் தோட்டத்துக்கு வந்தது. பெண் கொடியின் பூக்கொத்துக்குள் இருக்கும் மஞ்சள் தூள் பானத்தைக் கெடாமல் காக்கிறது. வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறொன்றும் பீரில் சேரக் கூடாதென்று பவேரியாவில் 1516-ல் சட்டமே போட்டார்கள். நம் நாட்டிலும் இமாசலத்து லாஹூல் பள்ளத்தாக்கில் அது பயிராகியிருக்கிறது. ஆனால், அந்தக் கொடிக்குக் குளிர்காலத்தில் தூக்கம் வேண்டும். கோடையில் நீண்ட பகல் வேண்டும். விருதுநகரில் ஆனி மாதத்திலும் பகல் பன்னிரண்டே முக்கால் மணியைத் தாண்டாது. வெயில் நம்மிடம் தாராளம், பகல்தான் குட்டை.

"அப்போ நம்ம ஆட்கள் எதைப் போட்டாங்க?" என்று கேட்டான். பனையேறி ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சிரித்துக்கொண்டே வேலியோரத்து வெள்வேலத்தைக் காட்டினார். "சாராயத்தைப் பட்டைன்னு சும்மாவா சொல்றாக?"

பனஞ்சாற்றிலும் வெல்ல ஊறலிலும் அந்த மரப்பட்டையைப் போடுவது பழைய வழக்கம். பட்டையின் துவர்ப்பு, சாற்றிலுள்ள புரதத்தைத் திரட்டி அடியில் படிய வைக்கிறது. கொதிக்கும் பீரில் ஹாப்ஸ் செய்கிற வேலைகளில் இதுவும் ஒன்று. வெள்ளைக்காரர் காலத்துத் தாவர நூல்களில் இந்த விவரம் பதிவாகியிருக்கிறது. நாம்தான் பதியவில்லை.

நான் குடிக்குப் பரிந்து பேசவில்லை. குடியால் குலைந்த வீடுகள் என் தெருவிலேயே உண்டு. 1987 முதல் கள் இறக்கத் தடை. அரசாங்கக் கடையிலோ ஹாப்ஸ் போட்ட பீர் விற்கிறது. அந்த நியாயத்தை அரசியல்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். என் கவலை வேறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதனீர், தடவாவிட்டால் கள். அந்த ஒரு விரல் சுண்ணாம்புக்குள் எத்தனை தலைமுறைப் படிப்பு! கள்ளோடு சேர்த்து அந்தப் படிப்பையும் அல்லவா வெட்கப்பட்டு மூடி வைத்துவிட்டோம்?

பெரியவர் மரத்தின் வயது, பட்டை உரிக்கும் பருவம், போடும் அளவு எல்லாம் விரல்விட்டுச் சொன்னார். சொல்லி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "எங்கேயும் எழுதிப்பிடாதீக, பேரன் பள்ளிக்கூடத்திலே வாத்தியாரா இருக்கான்" என்றார்.

அந்த அளவுகளை நான் இங்கே எழுதவில்லை. ஆனால், கரிசல் முழுக்கச் சீமைக்கருவேலம் பரவிக் கிடக்கிறது. வெள்வேலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பெரியவருக்கோ எண்பது தாண்டிவிட்டது. மருமகன் தன் நோட்டில் குறித்துக்கொண்டதை நான் தடுக்கவில்லை.