வைரமும் வெளிறும்

வைரவிழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, 'வைரம்' என்னுஞ் சொல் எம் நினைவை எமது வளவிலே நின்ற வேம்பொன்றின்பாற் செலுத்திற்று. கல்லூரியின் பெருமையை எழுதுதற்கு மூத்தோர் பலர் உளர். யாம் மரத்தைப்பற்றி எழுதுவதை அன்பர்கள் பொறுத்தருள்க.

அகத்தே வைரமுடையதனை மரமென்றும், புறத்தே வைரமுடையதனைப் புல்லென்றும் வகுத்தது தொல்காப்பிய மரபியல். அதன்படி பனை புல்லாம். இதனை எமக்குக் கற்பித்த ஆசிரியர் பனங்குற்றியொன்றைக் காட்டியே கற்பித்தார். ஆயின், அகவைரமுடைய மரங்களும் தம்முள் ஒரு தன்மையன அல்ல என்பதை யாம் கற்றது பிற்காலத்திலேயாம். வன்னிக் காட்டுப் பாலையின் கட்டை நீரில் அமிழும். முதிரை மஞ்சள் நிறமும் மினுக்கமும் உடையது. கருங்காலியிலோ கறுப்பு உள்ளே மாத்திரம், புறத்தே வெளிறிய மரமே. இவையெல்லாம் மிக மெல்ல வளர்வன. வேம்பு விரைந்து வளரும்.

1995 ஆம் ஆண்டு ஐப்பசியிலே வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது எமது குடும்பமும் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு திரும்பியபோது கூரையில்லை, கதவுகளில்லை. முதிரை நிலைகள் இரண்டு மாத்திரம் நின்றன. எம் ஐயா அன்று வாய்திறந்து பேசவில்லை. மாரி தொடங்கியதும், ஒரே தாய்மரத்தின்கீழ் முளைத்த வேப்பங்கன்றுகள் இரண்டைப் பிடுங்கி, ஒன்றைக் கிணற்றடியிலும் மற்றையதைக் கோடிப்புறத்துக் கற்றரையிலும் நட்டார். "கதவுக்கு ஆகும்" என்பது மாத்திரமே அவர் கூறியது.

2018 இல் கிணற்றடி மரத்தைத் தறித்தோம். வாழைக்கு இறைத்த நீரையெல்லாம் உண்டு, அஃது ஒருவர் கைக்கடங்காது பருத்திருந்தது. அரிந்து பார்த்த தச்சர், "ஐயா, பருமன் இருக்கு, வைரம் காணாது" என்றார். நடுவே செந்நிறம் சிறிதளவே, சுற்றிலும் வெளிறு. இளமரத்தில் வெளிறு மிகுதல் இயல்பென்றும், பூச்சி முதலில் நாடுவது அதனையே என்றும் அவர் விளக்கினார். ஐயா பலகையைத் தடவியபடி நெடுநேரம் இருந்தார். எம் தங்கை கட்டும் வீட்டுக்கு அக்கதவைத் தரவேண்டுமென்பது அவர் உள்ளக்கிடக்கை என அன்றே அறிந்தோம்.

கதவு வேறு மரத்தாற் செய்யப்பட்டது. விலையை ஈண்டு எழுதோம்.

கோடிப்புறத்து வேம்பு மற்றையதன் அரைப்பருமனும் இல்லை. அதனுள் வைரம் எவ்வளவென்பது தறித்தாலன்றித் தெரியாது. தறிக்க ஐயா உடன்படார். எண்பது வயதிலும் தைப்பொங்கலன்று அதன் அடியைக் கயிற்றால் அளந்து, சென்ற ஆண்டு முடிச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றார். இவ்வாண்டு முடிச்சு ஒரு விரல் தள்ளி விழுந்தது.