பணியாதவன் பண்டிகை

பண்டிகை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குச் சற்று அச்சம் உண்டாவது வழக்கம். கடன், கள், மறுநாள் வேலைக்குப் போகவொட்டாத தலைவலி ஆகியவற்றையே தோட்டப்புறத்துப் பண்டிகைகள் நெடுங்காலம் நமக்கு மிச்சம் வைத்துச் சென்றன. அப்படியிருக்க, ஜெராமிலிருந்து எழுதும் நாம், இவ்வூரில் எவரும் கொண்டாடாத யூதர் பண்டிகையொன்றைப் பற்றிப் பேச வருவது அன்பர்களுக்கு வியப்பளிக்கலாம். காரணம் உண்டு.

பூரீம் என்னும் அப்பண்டிகை யூதரின் ஆதார் மாதம் 14-ஆம் நாள், நமது மாசி பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி வருவது. பம்பாய்ப் பக்கத்துப் பெனெ இஸ்ரவேலர் என்னும் யூதர், ஹோலியை அடுத்து வருவதுபற்றி அதனை ‘ஹோலிச்சா சண்’ என்றே அழைத்தனர். அன்று சிறுவர் சிறுமியர் அரசனும் அரசியுமாக வேஷம் பூணுவர். ஜெபாலயத்தில் எஸ்தரின் கதையை வாசிக்கையில், ஆமான் என்ற பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பையைச் சுழற்றியும் தரையைக் காலால் உதைத்தும் அப்பெயர் காதில் விழாமற் செய்வர். கசகசாப் பூரணம் வைத்த முக்கோணப் பலகாரமும் உண்டு. ஐரோப்பிய யூதர் அதனை ஆமான் பை என்பர். எபிரேயத்தில் அது ஆமான் காது. பகைவன் காதை மென்று தின்னும் வேடிக்கை குழந்தைகளுக்குப் பிடிக்காமற் போகுமா? நம் சோமாசி எண்ணெயில் வேகும், அது அனலில் வேகும். மற்றபடி இரண்டும் தூரத்து உறவே.

கதை இதுதான். இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்டதாகச் சொல்லப்படும் அகாஸ்வேரு மன்னனின் மந்திரி ஆமான். அவனை எல்லோரும் வணங்கவேண்டும் என்பது கட்டளை. மொர்தெகாய் என்ற யூதன் மட்டும் வணங்கவில்லை. ஒரு முதுகு வளையாமைக்காக ஓர் இனத்தையே அழிக்க ஆமான் சீட்டுப் போட்டு நாள் குறித்தான். மொர்தெகாய் வளர்த்த பெண்ணாகிய அரசி எஸ்தர் துணிந்து பேசித் தடுத்தாள். அவளுக்கு முன்னிருந்த அரசி வஸ்தியோ, குடித்திருந்த மன்னன் தன் அழகைச் சபைக்குக் காட்ட அழைத்தபோது வரமறுத்துப் பட்டம் இழந்தவள். இந்நூலின் எபிரேய மூலத்தில் கடவுள் பெயர் ஒருமுறையேனும் வருவதில்லை என்பதைப் பகுத்தறிவாளர் கவனிக்க. இதனைச் சரித்திரமென்று கொள்ளாத அறிஞரும் பலர்.

நிற்க. முதுகு வளையாத கதை நம் பக்கத்திலும் உண்டு; அது சரித்திரம். ஜெராமிலிருந்து காப்பார் வழியாகத் தெற்கே போனால் கிள்ளான். 1941-இல் அவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளர்க்குச் சமமான கூலி கேட்டனர். அதனோடு, பெண்களை மேலதிகாரிகள் தொந்தரவு செய்வது நிற்கவேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். கூலிக் கணக்கோடு சைக்கிளையும் சேர்த்து எழுதிற்றே, அந்தக் கை எவ்வளவு பெரிய கை! மொர்தெகாய் இதற்குமேல் என்ன செய்தான்? மே மாதத்தில் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினர். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

பூரீம் முழுவதும் நமக்கு ஏற்றதன்று. ஆமான் வீழ்ந்தபின் 75,000 பேர் கொல்லப்பட்டதாகவும் அந்நூல் சொல்கிறது. பழியைப் பண்டிகையாக்குவதன் ஆபத்தை, 1994-இல் பூரீம் நாளன்று ஹெப்ரோன் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு மதவெறியன் சுட்டுக்கொன்றபோது உலகம் கண்டது. அசுரன் செத்த நாளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாம் பிறரை மட்டும் குறைகூறவும் இயலாது. ஆமானைச் சபிப்பதற்கும் மொர்தெகாயை வாழ்த்துவதற்கும் வேறுபாடு தெரியாத அளவுக்குக் குடிக்க வேண்டும் என்று தல்மூதில் ஒரு வாக்கு உண்டு. அதை நம் தோட்டங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழைகள் இருவருக்கேனும் கொடுப்பதும், நண்பர்க்கு உண்பொருள் அனுப்புவதும் அன்றைய கடமைகள். இவை நல்லவை.

ஜெராமைச் சுற்றி ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் கலைந்தன, சைக்கிள் கதையைச் சொல்லப் பாட்டன்மாரும் அருகி வருகின்றனர். பள்ளி விழாவில் ராஜா வேஷம் போடும் நம் பிள்ளைகள், மே மாதத்தில் ஒருநாள் 1941-இன் சைக்கிள்காரன் வேஷம் போடலாகாதா? பழைய சைக்கிளொன்றும் தலைக்கு முண்டாசும் போதும். எதிரே தொப்பியுடன் துரை வேஷம் ஒன்று. இறங்கு என்று அவன் வாய் திறக்கும்போதெல்லாம் பிள்ளைகள் தகரத்தைத் தட்டட்டும். கள்ளின்றி நடக்கட்டும். வீட்டுக்கு வீடு சோமாசி போகட்டும். தேங்காய்ப் பூரணமா, கசகசாப் பூரணமா என்பதைத் தாய்மார் தீர்மானித்துக்கொள்வர்.