தற்காலிக இடமும் நிலையான அமானிதமும்



நம் இல்லங்களின் பெட்டிகளிலும் பரண்களிலும் முன்னோர் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் தாள்கள் பழுத்துவிட்டன. விரல் பட்ட இடத்தில் ஓரம் உதிர்கிறது. அத்தகைய கிதாபுகள் சிலவற்றை மத்ரஸா மாணவர்களோடு சேர்ந்து நாம் ஸ்கேன் செய்து, போட்டோஷாப் மென்பொருளில் கறை நீக்கி, எழுத்தைத் தெளிவாக்கி வருகிறோம். இப்பணியில் இறங்குவோர் பலரும் ஒருநாள் ஒரு தடையைச் சந்திப்பர். ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு தோன்றும். அத்துடன் வேலை நின்றுவிடும்.

அந்நேரத்தில் எதையாவது அழித்து இடம் உண்டாக்கவே கை முந்துகிறது. எம் மாணவர் ஒருவர், கணினியில் மிகப் பெரிதாகத் தெரிந்த கோப்புறையை அழிக்கலாமா என்று கேட்டார். மூல ஸ்கேன்கள் யாவும் அதில்தான் இருந்தன. மறுமுறை விரித்தால் தாங்காத தாள்களின் பிரதிகள் அவை. எனவே, இந்த இடம் எதனால் நிரம்புகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 600 டிபிஐ தரத்தில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 3.48 கோடி புள்ளிகள் உருவாகின்றன. புள்ளிக்கு 3 பைட் வீதம், திறந்த நிலையில் அப்பக்கம் 100 எம்பியைத் தாண்டும். ஜேபெக் கோப்பாக அது சில எம்பி மட்டுமே காட்டலாம். திறந்தவுடன் முழு அளவுக்கு விரிந்துவிடும். 16 பிட் தரமெனில் இரு மடங்கு. லேயர்கள் சேரச் சேர இன்னும் கூடும். போதாக்குறைக்கு, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதற்காக 50 படிநிலைகள் வரை மென்பொருள் நினைவில் வைத்திருக்கும். ரேம் போதாதபோது, வட்டில் உள்ள காலியிடத்தை அது தற்காலிகமாக எடுத்துக்கொள்கிறது. வலீமா விருந்தில் நம்முன் வருவது ஒரு சஹன் சோறுதான். அதை ஆக்குவதற்கோ முற்றம் முழுவதும் தேவைப்படுகிறது அல்லவா?

ஆகவே, முற்றத்தைத்தான் ஒழிக்க வேண்டும். முதலில் வேலையைச் சேமித்துவிட்டு, எடிட் மெனுவில் பர்ஜ் என்பதன் கீழ் ஆல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய படிநிலைகள் நீங்கும். ஆனால் அதன்பின் பின்னோக்கிச் செல்ல இயலாது. அடுத்து, பிரிஃபரன்ஸ் பகுதியில் ஸ்கிராட்ச் டிஸ்க் என்ற இடத்தில், காலியிடம் மிகுந்த வேறொரு டிரைவைக் குறியுங்கள். வேகமான எஸ்எஸ்டி இதற்கு ஏற்றது. பென் டிரைவ் வேண்டாம். மென்பொருளே திறக்க மறுத்தால், விண்டோஸ் கணினியில் அது தொடங்கும்போது கன்ட்ரோல், ஆல்ட் விசைகளை அழுத்திப் பிடித்தால் அந்தத் தேர்வு திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் படிநிலைகளை 50இலிருந்து 20ஆகக் குறைப்பதும் பயன் தரும். கிம்ப் பயன்படுத்துவோர், பிரிஃபரன்ஸில் ஃபோல்டர்ஸ் பகுதியில் ஸ்வாப் கோப்புறையை இடம் மாற்றிக்கொள்ளலாம்.

முறையாக மூடினால் தற்காலிகக் கோப்புகள் தாமே நீங்கிவிடும். இடையில் மின்சாரம் நின்றால் அவை தங்கிவிடுவதுண்டு. விண்டோஸின் டெம்ப் கோப்புறையில் போட்டோஷாப் டெம்ப் என்று தொடங்கும் பெயருடன் அவை கிடக்கும். மென்பொருளை மூடிய பின்னரே அவற்றை அழியுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கடமை இருக்கிறது. மூல ஸ்கேன்களை இரு தனித்தனி வட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொருவர் வீட்டில் வையுங்கள். திருத்திய படம் கெட்டால் மீண்டும் திருத்திக்கொள்ளலாம். மூலம் போனால், உதிர்ந்த தாளிடம் மறுபடி கேட்க முடியாது. கிதாபு, எழுதியவரிடமிருந்து நம் கைக்கு வந்த அமானிதம். அடுத்த தலைமுறைக்குச் சேர வேண்டியது. குடும்பத்தின் பழைய நிக்காஹ் புகைப்படங்களுக்கும் மூத்தோரின் கடிதங்களுக்கும் இதே நெறிதான்.

எதை அழிப்பது, எதைக் காப்பது என்று பிரித்தறியும் நிதானத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.