நகத்துக்குப் பேர் வெச்ச ஊர்!

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மூணு மணி நேரத்துக்குள் ஆக்ஸ்மின்ஸ்டர். அங்கிருந்து பஸ் பிடிச்சா லைம் ரீஜிஸ். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் குட்டியா ஒரு கடலோர ஊர். பீச்சுக்கு வந்தவங்க அலையைப் பார்ப்பாங்கனு நினைச்சா, இங்கே பல பேர் குனிஞ்ச தலை நிமிராம நடக்கிறாங்க. செருப்பைத் தொலைச்சுட்டாங்களோனு நினைச்சுடாதீங்க. தேடுறது ஃபாசில்!

ஊரை ஒட்டி நிற்கிற செங்குத்துப் பாறைகள், சுமார் 19 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடிச் சேறா இருந்தவை. குளிர்காலத்தில் மழையும் அலையும் சேர்ந்து அடிச்சா பாறை சரிஞ்சு, உள்ளே இருக்கிறதைக் கரையில் கொட்டும். அதனால ஃபாசில் தேடுறவங்களுக்கு டிசம்பர், ஜனவரிதான் சீஸன்.

1828 டிசம்பரில் மேரி ஆனிங் கண்ணில் பட்டவை சில மெல்லிய எலும்புகள். கூடவே, அந்தக் குட்டி உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய, வளைஞ்ச நகங்கள். டைனோசர் காலத்தில் வானத்தில் பறந்த ஊர்வன இனம் அது, பேர் டெரோசார். கையில் நாலாவது விரல் நீண்டு இறக்கையைத் தாங்கும். மற்ற மூணு விரல்களிலும் நகம் இருக்கும். எலும்பெல்லாம் உள்ளே காலி, சுவரும் ரொம்ப மெல்லிசு. நசுங்காமல் மிஞ்சுவதே அபூர்வம். ஜெர்மனிக்கு வெளியே கிடைச்ச முதல் டெரோசார் எலும்புக்கூடு இதுதான்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜியாலஜி நடத்திய வில்லியம் பக்லேண்ட், 1829-ல் அந்த நகத்தை வெச்சே 'மேக்ரோனிக்ஸ்'னு பேர் சூட்டினார். கிரேக்கத்தில் 'பெரிய நகம்'னு அர்த்தம். 1859-ல் ரிச்சர்ட் ஓவன் முன்பாதியை 'டைமார்ஃபோடான்'னு மாத்தினார். பின்பாதி இன்னிக்கும் அதேதான்.

நகத்துக்குப் பேர் கிடைச்சது சரி, மேரிக்கு? தச்சர் மகள். 11 வயசில் அப்பாவை இழந்தவர். ஃபாசில் வித்துத்தான் வீட்டில் அடுப்பு எரிஞ்சது. பக்லேண்ட் பரவாயில்லை, கண்டெடுத்தது மேரினு தன் கட்டுரையில் சொன்னார். ஆனா 1823-ல் மேரி தோண்டியெடுத்த ப்ளீஸியோசாரைப் பற்றி, அடுத்த வருஷம் லண்டன் ஜியாலஜிக்கல் சொசைட்டியில் பேசினப்போ அவர் பேரையே விட்டுட்டாங்க. குரூப் ப்ராஜெக்ட்டில் ராத்திரி முழுக்க வேலை பார்த்தது நாம, மேடை ஏறினது வேற ஆள்னா எப்படி எரியும்! 1833-ல் பாறை சரிஞ்சு அவரோட நாய் ட்ரே செத்துப்போச்சு. மயிரிழையில் தப்பிச்ச மேரி, அதுக்கப்புறமும் தேடுறதை விடலை. 1847-ல் 47 வயசில் இறந்தார். அந்தச் சொசைட்டி பெண்களை உறுப்பினரா சேர்த்துக்கிட்டது 1919-ல்தான்.

அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போ லைம் ரீஜிஸ் மியூசியம் நிற்குது. ஒரு பள்ளிச் சிறுமி கிளப்பின பிரசாரத்தால், 2022 மே மாசம் மேரிக்கு வெண்கலச் சிலையும் வந்தாச்சு. பக்கத்திலேயே ட்ரே! அந்த நகக்காரன் இருக்கிறது லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தில்.

போறவங்களுக்கு ரெண்டே டிப்ஸ்: கடல் ஏறும் நேரம் பார்த்துட்டு இறங்குங்க, பாறையடியில் நிற்காதீங்க. எதாவது கிடைச்சா, கண்டெடுத்தது யார்னு சீட்டில் மறக்காம எழுதி வைங்க.