கொட்டையைப் பிழிந்து ஒரு தம்ளர்

பஞ்சு மில்லுக்குப் போனது, கொட்டை மாட்டுக்குப் போனது, இடையில் கொஞ்சம் மனிதர் வாய்க்கும் வந்தது. கரிசல் காட்டுப் பருத்திப்பாலின் வரலாறு எனக்குத் தெரிந்து இவ்வளவுதான்.

கோவில்பட்டியில் ஒரு தெருமுனை. ஒரு தள்ளுவண்டி, அதையொட்டி நீளப் பலகை பெஞ்சு. தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வரும் பெண்கள், மில்லில் ஷிப்ட் முடித்தவர்கள், டியூஷன் பிள்ளைகள் என்று பொழுது சாய்ந்ததும் ஆள் சேர்ந்துவிடும். பருத்திப்பால், உளுந்தங்களி, அவித்த கடலை, சரக்கு அவ்வளவே. டாஸ்மாக் பாரில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு: வேலை முடிந்த ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்து, ஒரு தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வண்டிக்கார அண்ணாச்சி மொண்டு ஊற்றுகிற லாவகத்தைப் பார்த்து, வித்தை அவர் கையில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அவரே மறுத்தார். "நான் ஊத்துறவன் சார். செய்யிறது வீட்ல. நாளைக்கு மத்தியானம் வாங்க, பாக்கலாம்."

போனேன். ராத்திரி முழுக்க ஊறிய கொட்டையை அண்ணாச்சி வீட்டு அக்கா அலசிக்கொண்டிருந்தார். கொட்டையின் மேல் பஞ்சுத் தூசும் மண்ணும் ஒட்டியிருக்கும். தண்ணீர் தெளியும்வரை அலசவேண்டும். பிறகு கிரைண்டர். ஆட்டிய விழுதைத் துணியில் கட்டிப் பிழிகிறார். முதல் பால் கெட்டி. சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு ஆட்டி இரண்டாம் பால், மூன்றாம் பால். மணிக்கட்டு கழன்றுவிடும் வேலை. மிஞ்சிய சக்கை பக்கத்து வீட்டு மாட்டுக்கு.

அடுப்பில் ஏற்றிய பின்தான் கவனம் கூடுகிறது. பருத்திக்கொட்டையில் காசிபோல் என்றொரு நச்சுப்பொருள் உண்டு. அசைபோடும் மாடு அதை ஓரளவு தாங்கும், நமக்கு ஆகாது. சூடு ஏற ஏற அது புரதத்தோடு பிணைந்து வீரியம் குறைகிறது. இந்த ரசாயனம் அக்காவுக்கு மூக்கில் இருக்கிறது. "பச்ச வாசம் போகாம எறக்கினா வயித்தப் பெரட்டும் தம்பி." அந்த வாசம் போனபிறகே அரைத்த பச்சரிசி மாவு சேர்கிறது. அப்புறம் கரண்டியை விட முடியாது, ஒரு நிமிஷம் அசந்தால் அடிப்பிடித்துவிடும். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றுகிறார். சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய்ப்பூ.

கருப்பட்டி விலைக்குப் பயந்து பலரும் வெல்லத்துக்கு மாறிவிட்டார்கள். அதைப் போட்டுக் குடிப்பது வேறு ஏதோ பாயசம், பருத்திப்பால் இல்லை என்பது என் கட்சி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லேயே வந்துவிட்டது. பருத்திப்பாலுக்கு இங்கிருந்து யாராவது கேட்டால் மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கொட்டைக்குத்தான் இப்போது அலைச்சல். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மானாவாரியாகக் கருங்கண்ணிப் பருத்தி போட்ட மண் இது. அதற்கென்றே கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 'கே' வரிசையில் ரகம் ரகமாக வெளியிட்டது. இன்று பல புஞ்சைகளில் மக்காச்சோளம் நிற்கிறது. பருத்தி எடுக்க ஆள் கிடைப்பதில்லை. மக்காச்சோளத்துக்கு அவ்வளவு கை தேவையில்லை. விதைக்கென்று மருந்து தடவிச் சாயமேற்றி வரும் கொட்டையைப் பருத்திப்பாலுக்குத் தொடவே கூடாது. ஆகவே தெரிந்த ஜின்னிங் மில்லில் சொல்லிவைத்து வாங்குகிறார்கள். சில வாரம் வெளியூர்க் கொட்டைதான். "அதுல பால் எறங்காது" என்கிறார் அக்கா. நான் குடித்துப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி செலவுக் கணக்கு சொன்னார். கொட்டை, கருப்பட்டி, கேஸ், தேங்காய், வண்டிக்கு ரிப்பேர். அக்காவின் கூலி எங்கே என்று கேட்டேன்.

"அவளுக்கு எதுக்கு சார் கூலி? வீட்டு வேலைதான?"

அக்கா கிரைண்டரை நிறுத்தினார். "அப்ப நாளைக்கு நீங்க ஆட்டிப் பிழிங்க. நான் வண்டிக்குப் போறேன்."